இரண்டு நிமிடம் முப்பது நொடி

விசிலுக்கும் முதல் அடிக்கும் நடுவே
மூச்சுக்கு வேலையே இல்லை.
தொடைக்குள் ஏற்கெனவே எண்ணி முடிந்து வைத்த சில்லறை,
அதை வாரி இறைத்துத்தான் கிளம்புகிறது கால்.
எட்டு நொடி. மிஞ்சிப் போனால் பத்து.
அதற்குள் முடிகிற காரியங்கள் எனக்குத் தெரியும்:
நாய் துரத்தும்போது மொபெட்டை உதைப்பது,
நகர்ந்துவிட்ட காரிமங்கலம் பஸ்ஸில் தாவுவது,
வசூல் பையைப் பறிக்க வந்தவன் மணிக்கட்டை
ஒருமுறை, ஒரேயொருமுறை, முறுக்கியது.
தீர்ந்த சில்லறை மறுபடி சேர
சும்மா நிற்க வேண்டும், இரண்டு மூன்று நிமிடம்.
இங்கே யார் நிற்க விடுகிறார்கள்.

தர்மபுரி ஆயுதப்படை மைதானம். காலை ஆறு நாற்பது.
பெண்களுக்கு நானூறு மீட்டர்.
என் நெஞ்சில் குத்திய எண் 218.
பக்கத்தில் 219:
மாதேஸ்வரி, மாரண்டஅள்ளி கிளை, ரோஜா குழு,
வாரத் தவணை அறுநூற்று நாற்பது,
இரண்டு வாரம் பாக்கி.
போன செவ்வாய் வாசலில் நின்று கூப்பிட்டேன்.
"அம்மா ஊருக்குப் போயிருக்கு" என்றது பிள்ளை.
கதவிடுக்கில் அன்று தெரிந்த கால்விரல்கள்
இன்று கான்வாஸ் ஷூவுக்குள் இருக்கின்றன.
ஆதரவற்ற விதவை ஒதுக்கீடு. வயது முப்பத்தாறு.
அவள் என்னைப் பார்த்தாள்.
நான் சுண்ணாம்புக் கோட்டைப் பார்த்தேன்.

நூறு தாண்டியதும் சர்க்கரையின் ஆட்சி.
பாலக்கோட்டில் ஆலை ஓடுகிற மாதங்களில்
கரும்பு லாரிக்கு ஒதுங்கி ஒதுங்கி
இருட்டில் ஓடிப் பழகியவள் நான்.
அவசரமாய்ப் பிழிந்தால் என்ன வரும் என்று தெரியும்.
முப்பது படி சாறு நிற்கும் கட்டில்
இரண்டே படி எடுத்துக்கொண்டு
சக்கையை இனிக்க இனிக்க எறிகிறது உடம்பு,
மூச்சு வந்து சேரும்வரை பொறுக்காமல்.

இருநூறு. காதுமடல் கொதிக்கிறது.
இருநூற்றைம்பது. ஜகதேவிக் குவாரியிலிருந்து
யாரோ என் முட்டிக்குமேல்
கல் இறக்குகிறார்கள், கயிறு கூடக் கட்டாமல்.
முந்நூறு.
கடன்காரர்களைத் தெருமுனையிலேயே
அடையாளம் கண்டுகொள்வேன் நான்.
கடன் வாங்கிய உடம்பை
உள்ளிருந்து இன்றுதான் பார்க்கிறேன்.
மூச்சு வாங்குகிறது என்கிறோமே,
எவ்வளவு சரியான சொல்.
வாங்கியாக வேண்டும்.

அப்போதுதான் அவள் வந்தாள்.
தக்காளி மண்டியில் பதினைந்து கிலோ பெட்டியை இடுப்பேற்றி
விடியுமுன் தொடங்கிப் பொழுது சாய நடக்கிறவள்,
கிளம்பும்போது கடைசியாய்க் கிளம்பினவள்.
கேழ்வரகுக் களி வேகிற அடுப்பு போல
புகையாமல், பொங்காமல்,
நாலு அடிக்கு ஒரு மூச்சு
கைம்மாற்றில்லாமல் செலவழித்துக்கொண்டு
என்னைக் கடந்து போனாள்.
எனக்கு ஆயிரத்து இருநூற்று எண்பது தர வேண்டியவள்.

"219, ரெண்டு இருபத்திரெண்டு.
218, ரெண்டு இருபத்தொன்பது."
ஒரு நொடி. அந்த ஒரு நொடிக்குச் சிரிக்கக்கூட முடியவில்லை.
புல் இல்லாத மண்ணில் மல்லாந்து கிடந்தோம்.
ஓட்டம் முடிந்தும் விலா ஓடிக்கொண்டிருந்தது,
வட்டியும் முதலுமாய்க் கட்டிக்கொண்டு.

எழுத்துத் தேர்வுக்குப் படித்ததில் ஒரு பத்தி ஞாபகம் வந்தது.
கால் தாளாமல் வெளியே தள்ளுவதை
விஷம் என்று ரொம்ப நாள் ஏசினார்களாம்.
இல்லை.
இதயம் அதை எடுத்துத் தின்கிறது.
ஈரல் மிச்சத்தை வாங்கித்
திரும்பவும் சர்க்கரையாக்கி அனுப்புகிறது.
வரவு வைக்க நோட்டு இல்லை, கையெழுத்து இல்லை.

மாதேஸ்வரி ஒருக்களித்துத் திரும்பினாள்.
நெற்றியில் மண் ஒட்டியிருந்தது.
"செவ்வாய்க்கிழமை வருவீங்களா மேடம்?"

வாயைத் திறந்தேன்.
மூச்சுதான் வந்தது.